வெளிப்பக்கம் ஆரஞ்சு

கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்த ஜீவராணி, பதினோரு வருடம் கொழும்புப் பக்கம் ஒரு கார்மெண்ட் ஆலையில் வேலை செய்தாள். மழைக்கோட்டுக்கு இடதுகை தைப்பது அவள் வேலை. வலதுகையை வேறொருத்தி தைத்தாள். ஆட்களைக் குறைத்தபோது ஊருக்கு வந்தாள். தொழிலாளர் லயத்துப் பெண்கள் இன்னும் உரச்சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஈரத் தேயிலைக்குள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள். கார்மெண்டிலோ, தண்ணீர் இறங்காத துணியில் வெட்டிய மிச்சத்தை மூட்டை மூட்டையாக எரித்துக்கொண்டிருந்தார்கள்.

பழைய சுப்பவைசர் பிரேமினியிடம் போனில் கேட்டாள்.

"எரிக்கிறதுக்கே ஆள் தேட வேண்டியிருக்கு. எடுத்துக்க" என்றாள் பிரேமினி.

நான்கு மூட்டை ரயிலில் வந்தது. துண்டுகளை ஒட்டுப்போட்டு, இடுப்பில் கட்டும் படங்கு பன்னிரண்டு தைத்துக் கொடுத்தாள். எல்லாம் பளிச்சென்ற ஆரஞ்சு.

மறுநாள் மத்தியானமே பக்கத்து வீட்டு நாகலெட்சுமி பன்னிரண்டையும் மடித்துக் கொண்டுவந்தாள்.

"தண்ணி எறங்குதாக்கா?"

"ஒரு சொட்டு எறங்கல புள்ள. அட்டையும் ஏறல. ஆனா செத்த குந்தினா போதும், வேல வாங்குற கண்டாக்கையா எதிர்மலையில நின்னே இந்த நெறத்தப் பாத்துட்டு பேரச் சொல்லிக் கூப்பிடுறாரு."

ஜீவராணிக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே ஒன்றைப் பிரித்து, சாம்பல் நிற உள்பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள். அங்கேயும் இறங்கவில்லை. மூன்று நாளில் பன்னிரண்டையும் பிரித்து, உள்பக்கம் வெளியே வரத் திருப்பித் தைத்தாள். அதற்குப் பிறகு ஒன்றும் திரும்பி வரவில்லை.

அடுத்த வாரம் கண்டாக்கு ஜெயரத்தினமே வாசலில் வந்து நின்றார். யாழ்ப்பாணத்துக்காரர்.

"பிள்ளை, எனக்கும் ஒரு மழைக்கோட் தைக்க ஏலுமே?"

"எந்தப் பக்கம் வெளிய வைக்கட்டும் ஐயா?"

"எதெண்டாலும் பரவாயில்லை."

துணி மடித்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி தலை தூக்காமல் சொன்னாள்: "ஐயா நெறத்துக்கு ஆரஞ்சுதான் எடுப்பா இருக்கும்."

தைத்துக் கொடுத்தாள். கோட்டின் வலதுகைதான் இரண்டு நாள் இழுத்தது. இப்போது அவர் எந்த மலையில் ஏறினாலும், கீழே குந்தியிருப்பவர்கள் எழுந்துவிடுகிறார்கள். தன் மேற்பார்வையில் வேலை ஒழுங்காக நடப்பதாக அவருக்குத் திருப்தி.

ஜீவராணியிடம் இன்று இரண்டு மெஷின் இருக்கிறது. மற்றதில், உதவிக்கு வந்த சுதர்ஷினி தைக்கிறாள். ஒட்டுப்போடக்கூட உதவாத பொடித்துண்டுகளைத் தலையணைக்குள் திணிக்கிறார்கள். தலையைத் திருப்பினால் சரசரக்கும். பழகிவிடும் என்கிறாள் ஜீவராணி.