தேங்காய்ப் பல்

எங்கள் வீட்டில் முதன்முதலில் ரத்தம் குடித்தவன் என் அண்ணன். குடித்தது என்னவோ பீட்ரூட் சாறுதான். அதை அரைத்து வடிகட்டிக் கொடுத்தவள் நான்.

திருச்சியில் இன்ஜினியரிங் முடித்து வந்தவன், தோள்வரை முடியையும் ஒரு கிதாரையும் கொண்டுவந்திருந்தான். நண்பர்களோடு ராக் இசைக்குழுவும் வைத்திருந்தான். வெளிநாட்டு ராக் பாட்டுகளில் ரத்தம் குடிக்கும் வேம்பயர் அடிக்கடி வரும் என்று எனக்குக் கதை சொல்வான். அதற்குச் சாவு கிடையாது, வெயில் ஆகாது, வீட்டுக்காரர்கள் கூப்பிடாமல் வாசலைத் தாண்டி வராது. யாரைக் கண்டாலும் வாங்க என்று சொல்லிவிடும் எங்கள் ஊர்க்காரர்களை நினைத்து எனக்குக் கவலையாகிவிட்டது.

அப்பாவின் கவலை வேறு. கட்டுமாவடியில் மீன் எடுத்து விற்பவர் அவர். அண்ணன் துபாய் போகப்போவதை ஆவுடையார்கோவில் வரைக்கும் சொல்லிவைத்திருந்தார். விசா ஏற்பாடு தாய்மாமாவுடையது. மச்சானுக்குக் கொடுத்த வாக்கை மாற்றுகிறவர் இல்லை அப்பா. அண்ணனோ சரியாகச் சாப்பிடாமல் கிதாரோடு மூலையில் உட்கார்ந்திருந்தான். அவன் போய்விட்டால் எனக்கு யார் கதை சொல்வது என்று தலையணையில் முகம் புதைத்து அழுதேன்.

போவதற்கு முன் அம்மன் கோயில் திருவிழா மேடையில் ஒருமுறை பாடிக்கொள்கிறேன் என்று கேட்டான். அப்பா சரி என்றார்.

திருவிழாவன்று மதியம் நான் தேங்காய்ச் சில்லில் கோரைப்பல் செதுக்கிக்கொண்டிருந்தேன். என்னவென்று கேட்ட அப்பாவிடம், அண்ணன் வாயில் மாட்டிக்கொண்டு ஆடப்போகிறான் என்றேன். தட்டிலிருந்து ஒரு பல்லை எடுத்து மென்றுகொண்டே போய்விட்டார். நான் இன்னொன்று செதுக்க வேண்டியதாயிற்று.

பொழுது சாயும் நேரத்தில் அண்ணன் மேடையேறினான். வாசலில் நின்றுகொண்டு, யாராவது என்னை உள்ளே கூப்பிடுங்களேன் என்று கெஞ்சும் வேம்பயரின் பாட்டு, அவனே எழுதியது. டிரம்ஸ் அதிர, முடியைச் சுழற்றி ஆடினான். வாயோரம் சிவப்பு வழிந்தது. கைதட்டலுக்காகக் காத்திருந்தேன். வந்தது குலவைச் சத்தம்.

எங்கள் கோயிலில் வெட்டிய ஆட்டின் ரத்தத்தைக் குடித்த பிறகுதான் சாமியாடிமேல் சாமி இறங்கும். வாயெல்லாம் சிவப்பாக ஒருவன் தலைவிரித்து ஆடினால் எங்கள் ஊர் வேறென்ன நினைக்கும்? பூசாரி விபூதித் தட்டோடு ஓடிவந்தார். குறி கேட்கப் பெண்கள் மேடையை நெருங்கினார்கள். நண்பர்கள் வாசிப்பதை விட்டுவிட்டார்கள். டிரம்ஸ்காரன் மட்டும், நிறுத்தினால் உதை விழுமோ என்ற பயத்தில் அடித்துக்கொண்டே இருந்தான்.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அண்ணன் தொலைந்தான் என்று நினைத்தேன். அவரோ தோள்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார். பக்கத்தில் தாய்மாமாவும் கைகூப்பி நின்றார்.

“சாமி, எம் மகனத் துபாய்க்கு அனுப்பவா, இங்கிட்டே வச்சுக்கிறவா? நீங்க சொல்றதுதான் முடிவு.”

அண்ணன் அப்பாவையே பார்த்தான். வாயைத் திறந்தபோது ஒரு பல் நழுவி அப்பாவின் காலடியில் விழுந்தது. அப்பா அதை மிதித்துக்கொண்டு நின்றார்.

“இங்கிட்டே இருக்கட்டும்” என்றது சாமி.

சாமியே சொன்னபிறகு தாய்மாமா என்ன செய்வார், விபூதியை வாங்கிப் பூசிக்கொண்டார். எனக்கு வந்த சந்தோஷத்தில் நானும் குலவை போட்டேன். அண்ணன் இன்றைக்கும் திருச்சியில் பாடிக்கொண்டுதான் இருக்கிறான்.

பெற்ற பிள்ளையைப் போய்ச் சாமி என்று நம்பிவிட்டாரே, காலடியில் விழுந்த பல்லைக்கூடப் பார்க்காமல் மிதித்துவிட்டாரே என்று அன்றைக்கெல்லாம் அப்பாவை நினைத்துச் சிரித்தேன். அந்தப் பல்லின் ருசி அவருக்கு மதியமே தெரியும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.