பதினொரு புத்தர்களும் ஒரு காலி மேசையும்

வடக்குக் கிளையில் ஒருவர் ஒரே மாதத்தில் மேலாளர் ஆகிவிட்டாராம். பெரிய படிப்பு இல்லை, பேச்சும் வராது, நேரத்துக்கு வேலைக்கு வந்த பழக்கமும் கிடையாது. மேசைமேல் ஒரு சிரிக்கும் புத்தரை வைத்தார், அவ்வளவுதான். லாரி ஓட்டுநர் கொண்டுவந்த செய்தி இது. அவருக்கு வடக்குக் கிளைக் காவலாளி சொன்னது. காவலாளிக்கு யாரோ சொன்னது. கிளைகளுக்கு நடுவே குழாய்ப் பெட்டிகளை ஏற்றி இறக்கும் அந்த லாரியில், ரசீதில் வராத சரக்காக இப்படிச் சில செய்திகளும் வந்து இறங்குவது உண்டு.

"ஆனா ஒண்ணு," என்றார் ஓட்டுநர், கையெழுத்துக்கு நீட்டிய தாளை இன்னும் விடாமல். "நாமளாக் காசு குடுத்து வாங்கி வச்சா வேலை செய்யாது. யாராவது வாங்கிக் குடுக்கணும். வாய்விட்டுக் கேக்கவும் கூடாது. அவங்களுக்காத் தோணணும். பெங்சூயின்னு சீனாக்காரங்க வாஸ்து, அதுல அதான் முக்கியமாம்."

"அவருக்கு யார் குடுத்தாங்களாம்?"

"யாரோ மச்சினனாம். பாக்க வந்தவன் கையோட கொண்டுவந்திருக்கான்."

கையெழுத்துப் போட்டவரின் சொந்தப் பெயர் அந்தக் கிடங்கில் யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வராது. பழைய மேலாளர் ஓய்வுபெற்றபோது, "புது ஆள் வர ஒரு வாரம் ஆகும், அதுவரை பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி, அறைக் கதவில் 'கிடங்கு மேலாளர் – பொறுப்பு' என்று ஒரு காகிதம் ஒட்டினார்கள். அந்த ஒரு வாரத்துக்கு இப்போது மூன்று வயது. ஒட்டு காய்ந்து ஓரம் சுருண்டபோது அவரே புது டேப் போட்டு ஒட்டிக்கொண்டார். எல்லோருக்கும் அவர் 'பொறுப்பு' ஆகிப்போனார்.

குளியலறைச் சாமான்கள்தான் அங்கே சரக்கு. குழாய், வாஷ்பேசின், கமோடு, இவற்றை இணைக்கிற ஆயிரத்தெட்டு சில்லறைச் சாமான்கள். பெட்டியைக் காதருகே வைத்து ஒரு குலுக்குக் குலுக்கினால், உள்ளே வாஷர் இருக்கிறதா, தொழிற்சாலைக்காரன் மறந்துவிட்டானா என்று பொறுப்பு சொல்லிவிடுவார். இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் காது இரண்டு முறைதான் தவறியது. இரண்டு முறையும் அவருக்கு ஜலதோஷம்.

இந்த மாதம் அந்தப் பதவியை நிரந்தரமாக நிரப்பப் போவதாகத் தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. போட்டியில் இரண்டே பேர். ஒருவர் இவர். இன்னொருவர், சரக்கை எல்லாம் கணினியில் ஏற்றுவதற்காக வந்து சேர்ந்து நாலு வருஷமான, எல்லோரும் 'கம்ப்யூட்டர்' என்று கூப்பிடும் இளைஞன். பதவி அவனுக்குப் போனால், இவர் திரும்பவும் முன்பக்கக் கவுண்டருக்குப் போக வேண்டும்; லீவு வேண்டுமென்றால் அவன் எதிரே நின்று கேட்க வேண்டும். நாற்பத்தொன்பது வயதில் இன்னொரு முறை வாய்ப்பு வராது என்பது அவருக்குத் தெரியும்.

வீட்டில் முதலில் மனைவியிடம் ஜாடையாகப் போட்டுப் பார்த்தார். பல் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்க்கும் அவளுக்கு, வலியை மறைத்துப் பேசுகிறவர்களைக் கண்டுபிடிப்பதே தொழில்.

"உங்க ஆஸ்பத்திரியில மேஜை மேல பொம்மை ஏதும் வச்சிருக்கீங்களா?"

"பல்லு செட்டு வச்சிருக்கோம்."

"இல்ல, சிரிச்ச மாதிரி..."

"அதுவும் சிரிச்ச மாதிரிதான் இருக்கும்." துணியை மடித்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "என்ன வேணும், நேரா சொல்லுங்க."

நேராகச் சொன்னால் பலிக்காதே. சுற்றி வளைத்து, லாரி ஓட்டுநர் சொன்னதைச் செய்தி போலச் சொல்லி முடித்தார். அவள் மடித்துக்கொண்டிருந்த சட்டையின் காலரை நீவிவிட்டாள்.

"நான் வாங்கித் தரமாட்டேன்."

"நான் கேக்கவே இல்லையே."

"நாளைக்கு உங்களுக்கு அந்த வேலை கிடைச்சா அந்தத் தொப்பைக்காரனாலதான் கிடைச்சதுன்னு சொல்லுவீங்க. இத்தனை வருஷம் ஞாயித்துக்கிழமை கூடப் போயி பெட்டியக் குலுக்கினது யாரு, அவனா? அந்தப் பேர அவனுக்கு விட்டுக்குடுக்க எனக்கு மனசு இல்ல."

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் நேர்காணலுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது.

அடுத்த நாள் மதியம், முன்பக்கக் கவுண்டரில் இருக்கும் பெண்ணோடு கடைத்தெருப் பக்கம் நடந்தார். அலங்காரச் சாமான் கடையின் கண்ணாடிக்கு முன்னால் நின்று, "எவ்வளவு களையா இருக்கு பாரும்மா, மேஜைமேல இருந்தா நல்லா இருக்கும்," என்றார். அந்தப் பெண்ணுக்கும் பிடித்துவிட்டது. உள்ளே போய் ஒன்று வாங்கி, தன் மேசையிலேயே வைத்துக்கொண்டாள்.

ஜாடை எடுபடவில்லை என்றதும் பொறுப்பு வேறு வழி யோசித்தார். நாம் ஒருவருக்குக் கொடுத்தால் அவர் சும்மா இருப்பாரா? திருப்பி ஏதாவது செய்வார். என்ன செய்வார்? நாம் எதைக் கொடுத்தோமோ அதைத்தான் செய்வார். மனித மனத்தைப் பற்றி இவ்வளவு தெளிவாகத் தான் எப்போதுமே யோசித்ததில்லை என்று அவருக்கே தோன்றியது.

கடையில் கூட்டமே இல்லை. நாற்காலியில் ஒரு பெண் கொட்டாவி விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றி இருநூறு புத்தர்கள், காசைக் கவ்விய மூன்று கால் தவளைகள், நாணயம் கோத்த சிவப்புக் கயிறுகள், ஆமைகள், கப்பல்கள். கூரை ஒழுகும் இடத்தில் ஒரு வாளி. வாசலில் 'கடை வாடகைக்கு' என்று எழுதியிருந்தது. இவ்வளவு அதிர்ஷ்டத்துக்கு நடுவே இவளுக்கு ஏன் இப்படி என்று அரை நிமிஷம் குழம்பினார். பிறகு விளங்கிவிட்டது. இருநூறையும் அவளே காசு போட்டு வாங்கியிருக்கிறாள். ஓட்டுநர் சொன்ன விதி எவ்வளவு சரியாக இருக்கிறது.

"உங்களுக்கா சார், குடுக்கறதுக்கா?"

"குடுக்கறதுக்கு."

"எத்தனை?"

"பத்து."

"பெரிய மனசு சார் உங்களுக்கு," என்றாள் அவள், கொட்டாவியை நடுவிலேயே விழுங்கிவிட்டு.

காவலாளிக்குக் காய்ச்சல் நின்றதற்கு ஒன்று. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் புது மூக்குக்கண்ணாடி போட்டதற்கு ஒன்று. துப்புரவு அக்காவுக்குச் சும்மாவே ஒன்று. சுமை தூக்கும் நாலு பேருக்கும், ரசீது எழுதும் இரண்டு பேருக்கும் காரணம் கண்டுபிடித்து ஆளுக்கொன்று. மிச்சமிருந்த ஒன்றை என்ன செய்வது? எல்லோருக்கும் கொடுத்துவிட்டு கம்ப்யூட்டருக்கு மட்டும் கொடுக்காவிட்டால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். மனத்தைக் கல்லாக்கிக்கொண்டு அவனுக்கும் கொடுத்தார். கொடுக்கும்போது பொம்மையைச் சற்று அழுத்திப் பிடித்திருந்ததால் அவன் இழுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது.

"ரொம்ப தேங்க்ஸ்ணே. இது எதுக்கு?"

"வேலையில முன்னேற்றம் வருமாம்," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அன்று முழுக்கத் தன் நாக்கைத் தானே திட்டிக்கொண்டார்.

அவர் கணக்குப் போட்டபடியே எல்லோரும் திருப்பிச் செய்தார்கள். காவலாளி ஒரு டார்ச் விளக்கு கொடுத்தார். துப்புரவு அக்கா துண்டு. சுமை தூக்குகிறவர்கள் நாலு பேரும் சேர்ந்து ஒரு சுவர்க் கடிகாரம். ஃபோர்க்லிஃப்ட்காரர், "ஒரே பொம்மையத் திருப்பிக் குடுத்தா நல்லா இருக்காதுல்ல?" என்று சொல்லிக் குளியல் சோப்புப் பெட்டி ஒன்றைக் கையில் வைத்தார். கம்ப்யூட்டர், பேனா. மேலாளர்கள் சட்டைப் பையில் குத்திக்கொள்ளும் தினுசு.

அதற்குள் நேர்காணல் நாள் வந்துவிட்டது.

தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தார். உயரமானவர், அதிகம் பேசாதவர். அறைக்குப் போகும் முன் கிடங்கை ஒரு சுற்றுச் சுற்றினார். வாசல் கூண்டில் ஒரு புத்தர். கவுண்டரில் ஒருவர். ஃபோர்க்லிஃப்டின் முன்கண்ணாடிக்குக் கீழே ஒருவர். துடைப்பம் வைக்கும் மூலையில் ஒருவர். பதினோராவதாகக் கணினித் திரையின் தலைமேல் ஒருவர்.

"இது எங்க வாங்கினது?"

"பொறுப்பு சார் குடுத்தாரு மேடம்."

போகிற இடமெல்லாம் அதே பதில். தனக்கு வேண்டியதைத் தானே வாங்கிக்கொண்ட கவுண்டர் பெண்கூட, "சார்தான் மேடம் கடையக் காட்டினாரு," என்றாள்.

பொறுப்பு தயாராகத்தான் இருந்தார். எந்த அலமாரியில் எது, எந்த மாதம் எது தேங்கும், தண்ணீர் புகுந்தால் முதலில் எதை நகர்த்த வேண்டும், எல்லாம் நுனிநாக்கில் நின்றன. அம்மாள் எதிரே உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தார்.

"இந்த வியாபாரம் எத்தனை நாளா நடக்குது?"

"குழாய் வியாபாரமா மேடம்?"

"பொம்மை வியாபாரம்."

பொறுப்பு நாற்காலியின் நுனிக்கு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வேலை பார்க்கிற இடத்துல வெளி வியாபாரம் செய்யக் கூடாதுன்னு விதி இருக்கு. தெரியுமா?"

"தெரியும் மேடம். அந்த நோட்டீஸ சுவத்துல ஒட்டினதே நான்தான்."

"எல்லார் மேஜையிலயும் இருக்கு. உங்க மேஜையில மட்டும் ஏன் இல்ல?"

உண்மையைச் சொல்லலாம். சொன்னால், பதவிக்காகப் பொம்மையை நம்பியவர் என்று ஆகும். சொல்லாவிட்டால், தான் விற்கிற சரக்கைத் தானே நம்பாதவர் என்று ஆகும். இரண்டுக்கும் நடுவில் நின்று அவர் மெதுவாகச் சொன்னார்.

"எனக்கு யாரும் குடுக்கல மேடம்."

அம்மாள் அதை எழுதிக்கொண்டார். குழாயைப் பற்றி ஒரு கேள்வியும் வரவில்லை.

கம்ப்யூட்டர் உள்ளே போய் முக்கால் மணி நேரம் கழித்து வெளியே வந்தான். பொறுப்பு தண்ணீர் பிடிக்கிற மாதிரி அவனருகே போய் நின்றார்.

"உங்களப் பத்தித்தான்ணே பாதி நேரம் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

"சும்மாதான் குடுத்தாருன்னு உண்மையச் சொன்னேன். சும்மா யாராவது பத்து பேருக்குக் குடுப்பாங்களான்னு கேட்டாங்க." அவன் குரலைத் தாழ்த்தினான். "எனக்கும் அதான்ணே புரியல. ஏன் குடுத்தீங்க?"

"தண்ணி நிரம்பிருச்சு," என்று சொல்லிவிட்டுப் பொறுப்பு குழாயை மூடினார்.

நாளைக் காலை பதினொரு மணிக்குள் கிடங்குத் தொலைபேசிக்குக் கூப்பிட்டு முடிவைச் சொல்வதாகவும், யாருக்குப் பதவியோ அவரிடம் மட்டுமே பேசப் போவதாகவும் சொல்லி அம்மாள் காரில் ஏறினார்.

மறுநாள் காலை, பொம்மைக்காக விசாரணை வரப் போகிறது என்ற பேச்சு பொறுப்புக்கு முன்னே கிடங்குக்கு வந்து சேர்ந்திருந்தது. முதலில் காவலாளி வந்தார். "வீட்டுல பேரன் ஒடச்சிருவான் சார், நீங்களே வச்சுக்கங்க." ஆனால் பொம்மை வீட்டுக்கே போனதில்லை. துப்புரவு அக்கா தன்னுடையதைத் துணியால் துடைத்துவிட்டு வைத்தாள். சுமை தூக்குகிறவர்கள் வரிசையாக வந்தார்கள். கவுண்டர் பெண், தன் காசில் வாங்கியதையும் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, "உங்களுக்குத்தான் சார் இது," என்று சொல்லிவிட்டு நழுவினாள்.

பத்தரை மணிக்கு மேசைமேல் பதினொருவரும் கூடியிருந்தார்கள். அத்தனை பேரும் தொப்பையைக் குலுக்கிக்கொண்டு அவரைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

பெட்டி இறக்க வந்த ஓட்டுநரை உள்ளே இழுத்துப்போய்க் கேட்டார். "திருப்பிக் குடுத்தா, குடுத்த மாதிரி ஆகுமா?"

ஓட்டுநர் ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். "அத வடக்குக் கிளைக் காவலாளி சொல்லலயே. கேட்டுத்தான் சொல்லணும்." தாளை நீட்டியவர் எதையோ நினைத்துக்கொண்டவராக, "ஆமா, அந்த மேலாளருக்குப் பொம்மை குடுத்த மச்சினன்னு சொன்னேன்ல, அவரு தலைமை ஆபீஸ்ல ஆள் எடுக்குற பிரிவுலயாம். இப்பத்தான் தெரிஞ்சுது," என்றார். பொறுப்பு கையெழுத்துப் போட்டார். பெட்டிகளைக் குலுக்கிப் பார்க்க மறந்துவிட்டார்.

பத்து ஐம்பதுக்குத் தொலைபேசி அடித்தது.

அது அவர் அறைக்கும் கம்ப்யூட்டரின் மேசைக்கும் நடுவே, தடுப்புச் சுவரின்மேல் இருந்தது. கிடங்கில் வேறெந்தச் சத்தமும் இல்லை. ஃபோர்க்லிஃப்ட்கூடச் சுமையைப் பாதி உயரத்தில் தூக்கியபடி நின்றுவிட்டது.

"அண்ணே, எடுங்க."

"நீ எடு."

"உங்களுக்கு வந்ததா இருந்தா?"

"உனக்கு வந்ததா இருந்தா?"

கம்ப்யூட்டர் நாற்காலியை விட்டு எழுந்தான், உடனே திரும்பவும் உட்கார்ந்தான். பொறுப்பு கையை நீட்டினார். மூன்று வருஷமாக இந்தத் தொலைபேசியை எடுத்து, யோசிக்காமல் ஒரே வாக்கியத்தைச் சொல்லி வந்தவர் அவர்: "கிடங்கு, பொறுப்பு பேசறேன்." இப்போது 'கிடங்கு' வரை நாக்கில் இருந்தது. அதற்குப் பின்னால் 'பொறுப்பு' என்பதா, 'மேலாளர்' என்பதா என்று மறுமுனையில் இருந்தவருக்குத்தான் தெரியும்.

ஐந்தாவது மணி. ஆறாவது. காவலாளி கூண்டைவிட்டு இறங்கி வந்து வாசலில் நின்றார். மணி நின்றது. யாரும் மூச்சு விடுவதற்குள் மறுபடியும் அடிக்க ஆரம்பித்தது. பொறுப்பு ரிசீவரின் மேல் கையை வைத்தார். அதன் அதிர்வு உள்ளங்கையில் ஏறியது. அவர் அதைத் தூக்கவில்லை.