கொட்டலசும் கடல் அட்டையும்

முத்சு வளைகுடாவில் சிப்பி வளர்க்கும் வலைகளைச் சுரண்டுவதில் கிகுயோவை மிஞ்ச ஆளில்லை. வலையில் ஓடு ஓடாக ஒட்டி மண்டிக்கிடக்கும் கொட்டலசுகளைத் தகட்டால் பெயர்த்தெடுப்பாள். பெரியவை வேகவைக்க வீட்டுக்குப் போகும். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் ஓர் இரவுகூட வேறு ஊரில் தங்கியதில்லை. கூடவே சுரண்டும் பெண்கள் "நீயே ஒரு கொட்டலசுதான்" என்று கேலி செய்வார்கள்.

"அதுவும் சின்னதுல நீந்தித் திரியும்டி. பிடிச்ச இடமாப் பார்த்துதான் தலையால ஒட்டிக்கும். ஒட்டினா ஒட்டினதுதான்!" என்பாள்.

எதிர்க்கரைத் தெத்சுஜி கடல் அட்டை பிடிப்பவர். மனைவியை இழந்து ஆறு வருடம். அதிர்ந்து பேசாத மனிதர். இரண்டு வருடமாகக் கிகுயோவைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. எதிர்க்கரைக்குக் குடிபோகத்தான் மனம் வரவில்லை. அதில்தான் பேச்சு முட்டி நின்றது.

டிசம்பர் கடைசி. புத்தாண்டு விருந்துக்கு அட்டை தேடி ஊரே அலையும் நேரம். தெத்சுஜி கொழுத்த நாலு அட்டைகளைப் புது வைக்கோலில் அழகாகச் சுற்றி, முந்தின நாளே கட்டி, அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிகுயோ முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே அட்டை எங்கே? கூழ்தான் வழிந்தது. வைக்கோல் பட்டால் அட்டை கரைந்துவிடும் என்பது அந்தக் கரையில் பால்குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"என்னங்க இது? நாப்பது வருஷமா அட்டை பிடிக்கிறவரு வைக்கோல்லயா கட்டுவாரு?"

பயந்துபோன அட்டை தன் குடலையே வெளியே தள்ளிவிடும். தெத்சுஜியும் மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டார்.

"மனசெல்லாம் இங்கதான் கிகுயோ. எதுல கட்டுறேன்னே நினைப்பில்ல. நேத்தே படகை உங்க துறைக்கு மாத்திட்டேன். வீட்டையும் காலி பண்ணிட்டேன்."

"என்னைக் கேக்காமலா?"

"கேட்டு நீ மாட்டேன்னுட்டா, அப்புறம் வர்றதுக்குத் தைரியம் இருக்காதே."

"இப்ப மாட்டேன்னு சொன்னா?"

"இங்கயே அட்டை பிடிச்சுக்கிட்டு, தினம் உன்னைத் தூரத்துல இருந்து பார்த்துக்கிட்டு இருப்பேன்."

கிகுயோவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தன்னைத் தேடி ஒருவர் கரையையே மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார் என்பதை அவளால் நம்பவே முடியவில்லை.

"சாமானெல்லாம் எங்க?"

"படகுல."

"கொட்டுற பனியிலயா போட்டு வச்சிருக்கீங்க? எழுந்திரிங்க, ரெண்டு பேருமாத் தூக்கிட்டு வருவோம்" என்றவள், அவர் எழுவதற்குள் வாசலில் இறங்கிவிட்டாள்.