கறுப்பாக வந்த ரத்தம்

2017 பிப்ரவரியில், தென்கொரியாவின் மாசான் மீன் சந்தையில் கடை வைத்திருந்த பொங்-சூனுக்கு அறுபத்துமூன்று வயது. அதற்குள் சந்தையில் பாதிப் பேரின் கட்டைவிரலில் ஊசி குத்தியிருந்தார். சாப்பிட்டது நெஞ்சில் நிற்கிறது, கை சில்லிட்டுவிட்டது என்று யார் வந்தாலும் கையை நீவி, விரலை நூலால் இறுகக் கட்டி, நகத்தடியில் ஒரு குத்து. கறுத்த ரத்தம் வந்தால் அஜீரணம். இறுகக் கட்டிய விரலில் யாருக்கும் கறுப்பாகத்தான் வரும் என்று அங்கே யாரும் யோசித்ததில்லை.

அன்று காலை அவர் கணவர் சாங்-கில் பன்றிக்கறிச் சூப்பும் சோறும் சாப்பிட்டுவிட்டு ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்தார். முகம் வெளுத்து, குளிரிலும் வேர்த்தது. மேல்வயிறு அடைக்கிறது என்றார். பொங்-சூன் அவர் விரலைக் கட்டிக் குத்தினார்.

"பாருங்க, தார் மாதிரி வருது. அள்ளி அள்ளி முழுங்கினா இப்படித்தான்."

பக்கத்துக் கடைக்காரர்கள் சிரித்தார்கள். சாங்-கிலின் தங்கை மியோங்-ஹீ மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணி, ஆம்புலன்ஸ கூப்பிடலாம்."

"அஜீரணத்துக்கு ஆம்புலன்ஸா?"

மீன் தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தெருமுனை கிளினிக்குக்குக் கொண்டுபோனார்கள். அசதி என்றால் சந்தைக்காரர்கள் குளுக்கோஸ் ஏற்றிக்கொள்ளும் இடம். ரத்த அழுத்தம் விழுந்திருக்கிறது என்று வேகமாகவே ஏற்றினார்கள். பாட்டில் தீருமுன் மூச்சு இரைத்து, இருமலில் நுரை வந்தது. அப்புறம்தான் ஆம்புலன்ஸ்.

பெரிய ஆஸ்பத்திரியில் இதயக்குழாய் அடைப்பை எடுத்து, அழுத்தத்தைத் தூக்கும் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, மூச்சுக்கு இயந்திரம் வைத்தார்கள். டாக்டர் பொங்-சூனைத் தனியே கூப்பிட்டார்.

"அம்மா, ரத்தம் கொட்டிப்போனவங்களுக்கு, பேதில வத்திப்போனவங்களுக்கு பாட்டில் ஏத்தணும். இவருக்குத் தண்ணி குறையல, பம்பே படுத்துடுச்சு. ஏத்தினது நுரையீரல்ல தேங்கிடுச்சு."

"கை சில்லுன்னு இருந்துச்சே?"

"மூளைக்கே ரத்தம் பத்தல. உடம்பு கைக்குப் போறத நிறுத்திடுச்சு."

"குத்தினது தப்பா?"

"குத்தினதால ஒண்ணும் ஆகல. நேரம்தான் போச்சு."

சாங்-கில் பிழைத்தார். இதயத் தசையில் பாதி பிழைக்கவில்லை. நாத்தனார் அதற்குப்பின் பொங்-சூனிடம் பேசுவதில்லை. கணவர் பேசுகிறார், அதுதான் கஷ்டம். பார்க்க வருகிறவர்களிடம், "இவதான் நம்ம டாக்டரம்மா, விரல நீட்டுங்க" என்கிறார். அவர்கள் சிரிக்கும்போது பொங்-சூன் பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பார். சந்தையில் யாரும் ஆம்புலன்ஸுக்கு மாறிவிடவில்லை. இப்போது கருவாட்டுக்காரியிடம் விரலை நீட்டுகிறார்கள்.

வீடு மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டு படி ஏறினாலே சாங்-கிலுக்கு இரைக்கிறது. மாதக் கடைசியில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு தரைத்தள அறைக்குப் போகிறார்கள். கடையை மியோங்-ஹீ எடுத்துக்கொள்கிறார்.