இருநூற்றுப் பத்து விரிப்புகள்

பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அழுக்குத் துணிகளை எண்ணி வாங்குவது அவள் வேலை. பதினெட்டு வருடமாக அதைத்தான் செய்தாள். எல்லோருக்கும் அவள் அக்கா. அதே கூடத்தில் அவளுடைய சொந்தத் தங்கையும் வேலை பார்த்தாள். விரிப்புகளை உதறி, ஊசி கீசி கிடக்கிறதா என்று பார்த்து மெஷினில் போடுவாள்.

நெஞ்சு வார்டிலிருந்து வழக்கமாக நாளுக்கு எண்பது விரிப்புகள் வரும். ஒரு திங்கட்கிழமை நூற்றுமுப்பது வந்தது. அந்த வாரக் கடைசியில் இருநூற்றுப் பத்து.

"என்னக்கா, எல்லாரும் மணிக்கொரு தடவை படுக்கையை மாத்திக்கிறாங்களா?" என்று தங்கை சிரித்தாள்.

அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. தேதி போட்டு எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு மேற்பார்வையாளரிடம் போனாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆள் கூடினா துணி கூடும். துவைக்கிறதோட நம்ம வேலை முடிஞ்சுதும்மா."

நாட்டில் கொள்ளைநோய் பரவுகிறது என்று அரசு அறிவித்தபோது, அந்தத் திங்கட்கிழமை கழிந்து இருபத்திரண்டு நாளாகியிருந்தது. தங்கை அப்போது காய்ச்சலில் கிடந்தாள். ஒன்பதாம் நாள் போய்ச் சேர்ந்துவிட்டாள். முகத்தைப் பார்க்கக்கூட விடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, அரசு காலத்தே செயல்பட்டதா என்று ஆராய ஒரு விசாரணைக் குழு அமைத்தார்கள். டிவியில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் தொண்டை கட்டக் கத்தின. நோட்டைப் பற்றிக் குழுவிடம் யாரோ சொல்லியிருக்க, அதோடு வரச் சொல்லி அக்காவுக்கும் கடிதம் வந்தது. தங்கையின் கணவன் துணைக்கு வந்தான். "கொன்னதே இவங்கதான்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுங்கக்கா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

அரசு வக்கீல் எழுந்தார். "நீங்க டாக்டரா?"

"இல்லைங்க."

"துணியை வச்சு நோயைக் கண்டுபிடிச்சீங்களா?"

"நோய்னு நான் சொல்லலைங்க. துணி ஏன் இவ்வளவு வருதுன்னு கேட்டேன். யாரும் பதில் சொல்லலை."

குழுத் தலைவர் மெதுவாகக் கேட்டார்: "அரசு தாமதம் பண்ணிடுச்சுன்னு நினைக்கிறீங்களாம்மா?"

"தாமதம்தாங்க ஐயா." அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது. "நானும்தான். பயமா இருக்கு, உதறாம போட்டுடட்டுமான்னு தங்கச்சி கேட்டா. ஊசி கிடந்தா மெஷின் போயிடும், உதறுடின்னு நான்தான் அதட்டினேன். எண்ணிக்கை என் கையில இருந்துச்சு ஐயா."

பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. அவள் திரும்பிப் பார்க்கும்போது தங்கையின் கணவன் வாசலைத் தாண்டியிருந்தான்.

அறிக்கை வந்தது. மூன்று வாரம் வீணானது உண்மை என்றது. அவள் நோட்டுக்கு அதில் ஒரே ஒரு வரி. டிவிக்காரர்கள் அந்த மூன்று வாரத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார்கள். அவள் டிவி போடுவதையே விட்டுவிட்டாள். அவன் நான்கு மாதம் அவள் வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"அவ என்கிட்டயும் பயமா இருக்குன்னு சொன்னா, அக்கா. லீவு போட்டா வேலை போயிடும், போன்னு நான்தான் அனுப்பினேன். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லலை."

அவள் தட்டெடுத்து வைத்தாள். மூவரும் சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்தவன், இனி ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளையை இங்கே விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டான்.

"கேட்கணுமா?" என்றாள் அக்கா.