மணியடித்தால் திரும்பிப் பார்க்கும் ஊர்

எங்கள் ஊரில் சைக்கிள் மணி அடிப்பது வழிவிடச் சொல்வதற்கு அல்ல, சுகம் விசாரிப்பதற்கு. பின்னால் மணி கேட்டால் தெரிந்தவர் யாரோ என்று நின்று திரும்பிப் பார்ப்போம். வாவிக்கரை நடைபாதையில் என் மனைவியும் அப்படித்தான் திரும்பினாள். மீன் பெட்டியோடு வந்த சைக்கிள் அவள் இடுப்பில் மோதியது.

கண்ணில் சத்திரசிகிச்சை செய்த பிறகு, ஒருவர் துணையும் இல்லாமல் அவள் போய்வந்த ஒரே இடம் பாலத்தடிப் பிள்ளையார் கோயில். அந்த நடையையாவது காப்பாற்றிக் கொடுக்க நினைத்தேன். பிரதேச சபையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். யாரிடம் எந்த ஒழுங்கில் முறையிட வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். நடைபாதையில் சைக்கிள் ஓடுவதைத் தடுக்கச் சொல்லிச் சபைக்குப் போனேன். அந்த வீதி, வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு உரியது என்றார்கள். திணைக்களம் பொலிஸைக் காட்டியது. சைக்கிள் ஓடக்கூடாது என்று சபை அறிவித்தல் பலகை நட்டால் பிடிக்கலாம் என்றது பொலிஸ். மூன்றும் சரியான பதில்கள். நான் இன்னும் அந்த அலுவலகக் கதிரையில் இருந்திருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன்.

அந்த வாரமே, மோதிய மீன்காரன் கொஞ்சம் இறாலோடு வீட்டுக்கு வந்தான். அவன் முறைவைத்துக் கூப்பிட்டால் அவள் மாமி, நான் சேர்.

"மாமி, இடுப்பு எப்படி இரிக்கி?"

"வலிக்குது மனே. நீ ஏன் ரோட்டால போகல்ல?"

"ரோட்டால போனா பஸ்காரன் இடிப்பான் மாமி. அவன் இடிச்சா நான் செத்துருவன். நான் இடிச்சா நீங்க விழுறதோட முடிஞ்சிரும்."

"நல்ல நியாயந்தான்" என்றேன்.

"வேற வழி இரிந்தாச் சொல்லுங்க சேர், அதால போறன்."

வீதியோரம் முழுக்க லொறிகள். நடைபாதையில் பாதியைக் கடைகள் எடுத்துக்கொண்டுவிட்டன. மிச்சப் பாதியில் அவனும் இவளும். பலகை வந்தாலும் பிடிபடப்போவது அவன்தான், பஸ் அல்ல.

அவன் போனபின், "இனி மணி கேட்டால் திரும்பாதே, ஓரமாக நில்" என்றேன்.

"தெரிஞ்ச ஆக்கள் மணியடிக்க, திரும்பாமப் போறதா? என்ன நினைப்பாங்க?"

இடுப்பு ஆறிவிட்டது. ஆனால் அவள் வாசல் படலையைத் தாண்டுவதில்லை. கோயிலுக்குப் போவோமா என்று கேட்டால், "இரிந்த இடத்தில கும்பிட்டாப் போதும்" என்கிறாள். கேட்பதை நானும் குறைத்துக்கொண்டேன்.