தோசைக்கல்லில் சீன சரித்திரம்

மங்கோலியரைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் சிவராஜ் நிமிர்ந்து பார்ப்பார். பர்மாவில், தாமுவே சந்தை முனையில் அவருடைய தோசை வண்டிக்கு முன்னால் நிற்பவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. அவருக்கு ஒவ்வொரு தோசையும் ஒரு ராஜவம்சம். நடுவில் கிழிந்தால் உள்நாட்டுக் கலகம், நன்றாக விரிந்து வந்தால் தாங் வம்சம்.

“குதிரையில வந்தவன் ஊரைப் பிடிச்சான், சரி. அப்புறம்? அந்த ஊரு புஸ்தகத்தையே படிச்சான், அந்த ஊரு உத்தியோகப் பரீட்சையையே நடத்தினான். வம்சம் மாறும் ஸயா, கல்லு மாறாது” என்பார், எண்ணெய் தெளித்துக்கொண்டே. தினமும் இதைக் கேட்கும் ‘ஸயா’, அதாவது பர்மிய ‘ஐயா’, ரயில்வேயில் இருந்து ஓய்வுபெற்ற ரெங்கசாமி. அவருக்குச் சட்னி வந்தால் போதும்.

மாவை ஊற்றும்வரை கன்பூசியஸ்: பெரியவர் தட்டு முதலில், சின்னவர் தட்டு பிறகு. ஊற்றியபின் லாவோட்சு: கை வைக்காதே, தானாக வேகும். தீய்ந்துவிட்டால் புத்தகங்களை எரித்த முதல் பேரரசர்: யோசிக்காமல் தூக்கி எறி. “மூணு பேரும் இல்லாம ஒரு தோசையே வராது. சீனா எப்படி வரும்?” என்று கரண்டியை ஆட்டிக் கேட்பார். மாவு ரெங்கசாமியின் சட்டையில் தெறிக்கும்.

மாவாட்டும்போதெல்லாம் போனில் சீன சரித்திரம் கேட்கும் இந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று சந்தைக்கே தெரியும். பக்கத்து வண்டியில் சோயாப்பால் விற்கும் சீனத்து மா மேய்தான் காரணம். தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தனியாக நின்றுவிட்ட பெண். கல்யாணப் பேச்சுக்கு “அப்பா சரியென்றால் எனக்கும் சரி” என்று அவர் சொன்ன நாள் முதல், நாற்பத்தாறு வயது சிவராஜுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்பா ஊ லின், கான்டனீஸ் தச்சர். வாய் திறப்பது அபூர்வம். தேநீர் ஊற்றுகிறவருக்கு இரண்டு விரலை மடக்கி மேசையில் தட்டுவது அவர்கள் மரியாதை. மாறுவேடத்தில் போன பேரரசர் ஒருவர் தன் வேலையாளுக்கே தேநீர் ஊற்றிவிட, மண்டியிட்டால் குட்டு உடைந்துவிடுமே என்று அவன் விரல்களை மட்டும் மண்டியிட வைத்தானாம். சிவராஜுக்கு உயிரான கதை இது. தினமும் ஊ லினுக்கு வெறுந்தேநீர் ஊற்றிவிட்டு, அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பார். அவை அசைந்ததே இல்லை.

போன ஞாயிறு காலை ஊ லின் நேராக வந்து, வண்டிக்கு முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மா மேய் அகப்பையைக் கீழே வைத்தார். வந்தவர்கள் எல்லாரும் சீனராகிப் போனார்கள் என்கிறாயே, என் வீட்டுக்கு வந்தால் நீ என்ன ஆவாய் என்று பர்மிய மொழியில் கேட்டார் கிழவர்.

போனில் கேட்ட வம்சங்கள் அத்தனையும் சிவராஜின் தலையிலிருந்து பறந்துவிட்டன. கடைசியில் அதே மொழியில் திக்கித் திக்கிச் சொன்னார்:

“புத்தர் சொன்னது எங்க பக்கத்துலேர்ந்துதானே சீனாவுக்குப் போச்சு. போன இடத்துல அதுவும் கொஞ்சம் மாறிச்சு. வீட்டுக்காரங்களும் கொஞ்சம் மாறினாங்க.”

கல்லில் கிடந்த மிங் வம்சம் புகைந்தது. ரெங்கசாமி சட்னியை மறந்து வாயைப் பிளந்தார். ஊ லின் மெதுவாக எழுந்து, கெட்டிலை எடுத்து, ஒரு கோப்பையை சிவராஜின் பக்கம் நகர்த்தி, தன் கையாலேயே தேநீர் ஊற்றினார்.

மேசை எங்கே என்று தேடும் நிதானம் சிவராஜுக்கு இல்லை. இரண்டு விரல்களையும் மடக்கி, எதிரே காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லிலேயே தட்டினார். சுரீரென்றது. மா மேயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இன்னொரு தரமும் தட்டினார்.